போனவுக, வந்தவுக

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சமையலுக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு அவளும் இரண்டு மடல் பிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்றாள். நான் பூவில் நரம்பு எடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தெரியும். "சரி" என்றேன். "நீயும் அப்பாவும் சின்ன வயசுல ஆரம்பிச்சது இவ்வளவு வருஷம் எப்படிம்மா நிலைச்சுது? அதைச் சொல்லு" என்றாள்.

அன்று ஏதோ சொன்னேன். சொன்னது போதவில்லை என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. அவளுக்கும், அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். இது எங்கள் வீட்டில் நடந்தது. எல்லார் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

1993. எனக்கு 18 வயது, அவருக்கு 20. காரைக்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் பி.காம். படித்துக்கொண்டே காலை 6 மணி வகுப்புக்குப் போனேன். அவர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார். டைப் தெரிந்தால் அரசாங்க வேலை கிடைக்கும் என்று அவர் அம்மா சேர்த்துவிட்டிருந்தார். இருவரும் லோயர் கிரேடு வகுப்பு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று இருபது மிஷின்கள் ஒன்றாகத் தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காது. ஆறு மாதம் நாங்கள் பேசவும் இல்லை. ஒரு நாள் என் தாளில் எல்லா வரியிலும் 'ஏ' மட்டும் பாதி விழுந்திருப்பதைப் பார்த்து, "அந்த மிஷின்ல 'ஏ' சரியா விழாதுங்க. என்னோடதுல அடிங்க, நான் அங்க உக்காந்துக்கிறேன்" என்றார். எழுந்து இடம் மாற்றிக்கொண்டார். பரீட்சை முடியும்வரை பாதி 'ஏ'யோடுதான் அவர் பழகினார்.

அவர் ஊர் ஆத்தங்குடி. அவர் அப்பா பூக்கல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆத்தங்குடி டைல்ஸ் என்று இன்று உலகம் சொல்வதை வீட்டில் பூக்கல் என்றுதான் சொல்வார்கள். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. எங்கள் இருவருக்கும் சாதி வேறு. அதை மறந்து பழகினோம் என்று சொல்ல முடியாது. முதல் நாளிலிருந்தே தெரியும்.

1995இல் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவர் பதறிப்போய், "மதுரைக்குப் போய்ப் பதிவு பண்ணிக்குவோம்" என்றார். இருவருக்கும் சட்டப்படி வயது வந்திருந்தது. நான் வர மாட்டேன் என்று சொன்னேன். கையில் டிகிரி இல்லை, சம்பளம் இல்லை. அவருக்கும் வேலை இல்லை. மதுரையில் இறங்கிய மறுநாள் காலை காபிக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அவர் பேசாத அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. ஆனாலும் அன்று மாட்டேன் என்று சொன்னதுதான் எங்கள் வாழ்க்கைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று சட்டம் வயது வைத்திருக்கிறது. அந்த வயது வந்த மறுநாளே கட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருபது வயதுக் காதல் நல்ல சரக்குதான். ஆனால் சோறு, வாடகை, ஊர்ப் பேச்சு, மாமியார் வீடு எல்லாவற்றையும் அதன் தலையிலேயே ஏற்றினால் அது என்ன செய்யும்? முதலில் இருவரும் சம்பாதியுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளே, உங்கள் பெயரில் ஒரு சம்பளம் வரட்டும்.

அப்பாவிடம், கொஞ்ச நாள் வேலை பார்க்கிறேன் என்று கேட்டேன். அவரே ஒரு இடம் பார்த்துக் கொடுத்தார். காரைக்குடியில் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், அதற்குப் பின்னால் கட்டுக் கட்டாக அடுத்த தெரு வரை போகும். அந்த வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருந்தார். 75 வயதுக்கு மேல். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். வாடகைக் கணக்கு, கோயில் கணக்கு, வயல் கணக்கு எழுத ஆள் வேண்டும். வளவுத் தூணோரம் சாய்ப்பெட்டி என்கிற சரிவான எழுதுபெட்டியை வைத்துக்கொண்டு, கீழே பாயில் உட்கார்ந்து பேரேடு எழுதுவேன். அந்த ஆச்சியிடம் படித்ததை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1996இல் அவர் சிங்கப்பூர் போனார். கப்பல் பட்டறையில் வெல்டர். ஏஜென்டுக்குக் கட்ட அவர் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. என் வீட்டுக்குக் கடிதம் போட முடியாது. வேறு வழி தெரியாமல் ஆச்சி வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன், ஆச்சியிடம் கேட்காமலே. முதல் கடிதம் வந்த அன்று ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தா, சிங்கப்பூர்ல ஒனக்கு யாரு இருக்கா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கடிதத்தை நீட்டி, "கொண்டு விக்கப் போயிருக்கான்னு சொல்லு" என்றார். நகரத்தார் என்கிற செட்டியார் வீடுகளில் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். ஆச்சிக்கு 14 வயதில் கல்யாணம். செட்டியார் பர்மாவுக்குப் போனார். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், திரும்பப் போய்விடுவார். அவ்வளவுதான் அந்தக் காலத்துக் குடும்பம். காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் கையில் என் கடிதம் போய் விழுந்தது என் அதிர்ஷ்டம்.

கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று போனில் நடக்கிற சண்டையும் அதே சண்டைதான். ஒரு கடிதம் போய்ச் சேரப் பத்து நாள். பதில் வர இன்னொரு பத்து நாள். நான் கோபத்தில் எழுதியது அவர் கையில் கிடைக்கும்போது எனக்குக் கோபம் ஆறிப்போயிருக்கும். ஆறிய மனதோடு நான் அடுத்ததை எழுதிப் போட்டிருப்பேன். அது போய்ச் சேருவதற்குள் என் கோபக் கடிதத்துக்கு அவர் எழுதிய கோபப் பதில் இங்கே வந்து நிற்கும். முதல் வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் வழியில் தொலைந்துவிட்டது. அவர் பதிலே போடவில்லை என்று நானும், எழுதியதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவரும், மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். நடுவில் கடல்.

கடைசியில் நான் ஒரு வேலை செய்தேன். பேரேட்டில் வவுச்சருக்கு நம்பர் போடுகிற மாதிரி கடிதத்துக்கு நம்பர் போட்டேன். என் கடிதத்தின் மேல் மூலையில் 1, 2, 3. அவர் கடிதத்திலும் அப்படியே. "உன் 12 கிடைத்தது, 13 இன்னும் வரவில்லை" என்று தொடங்குவார். எந்தப் பேச்சுக்கு எது பதில் என்பது தெளிவானதும் பாதிச் சண்டை தானாகவே போய்விட்டது. அவருடைய 41ஆம் கடிதம் வரவே இல்லை. அது தொலைந்தபோது எங்களுக்குள் ஒரு வருத்தமும் வரவில்லை. தொலைந்தது தபால் என்று இருவருக்கும் தெரிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு நம்பர் தேவைப்படாது. ஆனால் பத்து மெசேஜைத் தொடர்ந்து அனுப்பிவிட்டு, எதற்கு எது பதில் என்று தெரியாமல் இரண்டு பேரும் எரிந்துகொண்டு இருக்கிறார்கள். கோபத்தில் ஒன்று எழுதினால், அதற்குப் பதில் வரும்வரை அடுத்ததை எழுதாதீர்கள்.

இன்னொன்று. அன்பு, பிரிவு, நிலா என்று எழுதிய கடிதங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. "இன்று சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறிவிட்டது, கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவுக்குக் கூட்டம், பேரேட்டில் இரண்டு ரூபாய் உதைத்தது, அதைத் தேடி மூன்று நாள் போனது" என்று நான் எழுதியவைதான் அவரை அங்கே தாங்கியது என்று சொல்வார். அவரும் அப்படித்தான். ஞாயிறு மதியம் சிராங்கூன் ரோட்டில் யாரைப் பார்த்தார், பத்துப் பேர் இருக்கிற அறையில் அன்று யார் சமைத்தது, ரசம் எப்படி இருந்தது என்று எழுதுவார். அந்த அறையில் தரை ஈரமாக இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். தொலைவில் இருப்பவரோடு சின்ன விஷயங்களைப் பேசுங்கள். பெரிய விஷயங்களுக்கு அதுதான் அஸ்திவாரம்.

1999 கடைசியில் அவர் திரும்பி வந்தார். இந்த இடத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பையன் போயிருந்தான். வந்தவர் அதிகம் பேசவில்லை. ஒரு ரூபாய் செலவுக்கு இரண்டு தடவை யோசித்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார். வலது கையில் பற்றவைப்பு தெறித்த தழும்புகள். நானும் அந்தப் பழைய பெண் இல்லை. நாலு வருஷம் வேலை பார்த்து, வாடகைக்காரர்களிடம் கறாராகப் பேசிப் பழகி, குரலே மாறியிருந்தது. அவருக்கும் என்னைக் கண்டு ஒரு தயக்கம் இருந்தது என்று பிற்பாடு சொன்னார். 18 வயதிலிருந்து காத்திருந்தது இந்த ஆளுக்காகவா என்று ஒரு பயம் எனக்கு. வெளியே சொல்லவும் முடியவில்லை. ஆச்சியிடம் போய்ச் சொன்னேன்.

ஆச்சி தன் கதையைச் சொன்னார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, இருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் காட்டு வழியில் நடந்தே ஊர் திரும்பினவர்களில் செட்டியாரும் ஒருவர். போகும்போது பட்டுச் சட்டையும் வைரக் கடுக்கனுமாகப் போனவர். வந்தபோது இரவில் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். சாப்பிடும்போது அடுத்த வேளைக்கு என்று கொஞ்சம் சோற்றை ஒதுக்கி வைப்பாராம்.

"நானும் ரெண்டு வருஷம் பழைய ஆளைத் தேடுனேந்தா. அவுக பர்மாவுலயே நின்னுட்டாக. போனவுகளையே தேடிக்கிட்டு இருந்தா, வந்தவுக பட்டினியாக் கெடப்பாக."

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொன்ன வார்த்தைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. சின்ன வயதில் தொடங்குகிற உறவுக்கு இதுதான் பெரிய கண்டம். 28 வயதில் பார்த்துக் கட்டிக்கொள்பவர்கள் ஓரளவு உருவான ஆளைப் பார்க்கிறார்கள். 18இல் பிடித்துப்போன ஆள் இன்னும் உருவாகவே இல்லை. 25இல் ஒருவர், 35இல் ஒருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். "நீ முன்ன மாதிரி இல்ல" என்பதைக் குற்றமாகச் சொல்லிச் சொல்லியே பிரிந்தவர்களை எனக்குத் தெரியும். முன்ன மாதிரி எப்படி இருப்பார்?

நான் புதிதாகப் பழக ஆரம்பித்தேன். தெரியாத ஒருவரைக் கேட்கிற மாதிரி கேட்டேன். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், எதற்கு இவ்வளவு சிக்கனம், அந்தத் தழும்பு எந்த வருஷம். சிக்கனத்துக்குக் காரணம், அந்த அடகுச் சங்கிலி. மூன்று வருஷமாக அதற்கு வட்டி கட்டியவர் அவர். நான்கு மாதத்தில் எனக்கு இந்த ஆளையும் பிடித்தது. பிடித்துப்போனது எதில் என்றால், சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். சிங்கப்பூர் அறையில் பழகிய பழக்கம். எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை தட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

2000இல் குன்றக்குடியில் கல்யாணம். என் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆச்சி ஒரு அரக்குக் கலர் கண்டாங்கி கொடுத்து அனுப்பினார். நாங்கள் அப்போதே பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிட்டோம். இப்போது 2009ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கிற எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எந்த முறையில் கட்டினாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றவர்களை எதிர்த்துக் கட்டியவர்களுக்கு அந்தக் காகிதம் பெரிய பாதுகாப்பு. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று ஒரு கல்யாண ஒப்பந்தத்தை இரண்டு வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆச்சி தன்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்பு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

ஆத்தங்குடியில் அவர் அப்பா அம்மாவோடு இருந்தோம். சிங்கப்பூர்க் காசைப் போட்டு அவர் பூக்கல் பட்டறை நடத்தத் தொடங்கியிருந்தார். அத்தை நல்லவர். ஆனால் ஒரே அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் பட்ட பாடு பெரிது. புளிக்கரைசல் கெட்டியாக இருந்தால் ஒரு பேச்சு, நீர்த்தால் ஒரு பேச்சு. மகன் தட்டுக் கழுவுவதைப் பார்த்த அன்று அத்தை அழுதே விட்டார். "ஊரு என்னத்தா சொல்லும், எம்புள்ளையைத் தட்டுக் கழுவ வச்சுட்டேன்னு பேசாதா?" அவர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் பட்டறையிலேயே இருக்கத் தொடங்கினார். சிங்கப்பூர்க் கடல் நடுவில் இருந்தபோது நெருக்கமாக இருந்தவர்கள், ஒரே கூரைக்குக் கீழே தள்ளிப்போனோம்.

இதற்கும் ஆச்சிதான் வழி சொன்னார். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்து' விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை இது. அதே வளவில் ஒரு அறை, பின்கட்டில் தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசி பருப்புச் செலவுக்குப் பணம். அன்றிலிருந்து அவர்கள் தனிக் குடும்பம். விசேஷம் என்றால் எல்லாரும் ஒன்று. அன்றாடம் சமைப்பது தனித்தனி. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெரிய வீடுகளைப் பார்க்க வரும்போது தேக்குத் தூணையும் இத்தாலி மார்பிளையும் பார்க்கிறார்கள். பின்கட்டில் வரிசையாக இருக்கிற அடுப்புகளைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். அத்தனை தலைமுறை அந்த வீடுகளில் சேர்ந்து இருந்ததற்கு அந்த அடுப்புகளும் ஒரு காரணம்.

நாங்களும் அப்படியே செய்தோம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் ஓடு வேய்ந்து ஒரு அறை, ஒரு அடுப்பு. அத்தையிடம் அதை அவர்தான் சொன்னார், என்னைச் சொல்ல விடவில்லை. தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவரவர்தான் சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரி கேட்கும். அத்தை இரண்டு மாதம் வருத்தப்பட்டார். அப்புறம் காலையில் ஒரு கிண்ணம் குழம்பு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. மாலையில் ஒரு கிண்ணம் போனது.

2005. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மகள் கேட்ட கேள்விக்கு இதுதான் நடுப் பதில். மகளுக்கு அப்போது மூன்று வயது. ஊர் முழுக்க மெஷின் டைல்ஸ் வந்து, பட்டறைக்கு ஆர்டர் குறைந்த நேரம். சிங்கப்பூர்க் காசு பட்டறையிலேயே கரைந்துகொண்டிருந்தது. என் தங்கை கல்யாணம் நடந்தது, எனக்குப் பத்திரிகை வரவில்லை. அன்று இரவு ஏதோ கரண்ட் பில் விஷயத்தில் தொடங்கிய பேச்சு முற்றி, "உங்களுக்காகத்தானே எங்க அப்பாவை விட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். முதல் தடவை இல்லை அது. கல்யாணமான நாளிலிருந்து சின்னதும் பெரியதுமாகப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் வாயடைத்துப் போவார், நான் ஜெயிப்பேன்.

அன்று அவர் வாயடைத்துப் போகவில்லை. சத்தமும் போடவில்லை. எழுந்து போய் என் கணக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"எவ்வளவுன்னு எழுது. எத்தனை வருஷம் கட்டுனா அந்தக் கடன் அடையும்னு எழுதிரு. நான் கட்டுறேன்."

நான் கணக்குப்பிள்ளை மகள். பேனாவைக் கையில் எடுத்தேன். எழுதுவதற்கு ஒரு தொகையும் இல்லை. ஐந்து வருஷமாக அசல் எவ்வளவு என்று சொல்லாமலே ஒருவரிடம் வட்டி வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரும் தன் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார். சிங்கப்பூரில் தீயில் நின்றது யாருக்காக என்று. அதை ஒரு நாளும் என்னிடம் நீட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விடியும்வரை பேசினோம். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. நாக்கு நுனி வரை வந்திருக்கிறது.

சின்ன வயதில் தொடங்கி, எதிர்ப்பைத் தாண்டிக் கட்டியவர்கள் எல்லாரிடமும் இந்த நோட்டு இருக்கும். உனக்காகப் படிப்பை விட்டேன், ஊரை விட்டேன், அம்மாவை எதிர்த்தேன். அதெல்லாம் உண்மைதான், பொய் இல்லை. ஆனால் அன்று அந்த முடிவை எடுத்தது நான். எனக்கு அவர் வேண்டும் என்றுதான் எடுத்தேன். அப்பாவைப் பிரிந்த வலியை அவரிடம் சொல்லி அழலாம். அதை அவர் தலையில் பற்றாக எழுதக் கூடாது. அழுகிறேனா, வசூலிக்கிறேனா என்று சொல்பவருக்கே உள்ளுக்குள் தெரியும்.

அப்பா பேசியது 2007இல். அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் வாட் என்ற புது விற்பனை வரி வந்தது. பட்டறைக் கணக்கு நான்தான் பார்த்தேன். சிமெண்டுக்கும் கலருக்கும் கட்டிய வரியை விற்ற வரியில் எப்படிக் கழிப்பது என்று ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். அம்மா மட்டும் எனக்கு ரகசியமாகப் பேசுவார். அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவிடம் பொதுவாகக் கேட்பது மாதிரி கேட்டுச் சொல்லு என்றேன். அம்மா கேட்கத் தொடங்கியதும், மறுமுனையில் போன் கை மாறுகிற சத்தம். "வாங்குன பில்லெல்லாம் எடுத்து வச்சிருக்கியா?" ஏழு வருஷத்துக்குப் பிறகு அப்பா குரல். "வச்சிருக்கேம்ப்பா." "தேதி வாரியா அடுக்கு. நான் வந்து பாக்குறேன்." மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரை, "வாங்க மாமா" என்று கூப்பிட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு இவர் பட்டறைக்குப் போய்விட்டார். நாங்கள் தனியாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று மதியம் வரை அப்பாவும் நானும் பில் அடுக்கினோம். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. பெற்றவர்கள் மனம் மாற மன்னிப்புக் கடிதமும் பெரியவர் பஞ்சாயத்தும் தேவைப்படும் வீடுகள் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு வேலை தேவைப்பட்டது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, அவரவர் பெற்றோருக்கு ஒரு தொகை, அவரவர் கைச்செலவுக்கு ஒரு தொகை. கைச்செலவில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பதில்லை. இது போதும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் பல வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் ஃபீஸ், சிலிண்டர், மருந்து. சண்டை இல்லை. ஆனால் இருவரும் ஒரு அலுவலகத்தை நடத்துகிற மாதிரி இருந்தது. 2012இல் ஒரு நாள் பட்டறையில் ஆள் வரவில்லை, கூடமாட இருக்கலாம் என்று போனேன். காலை முதல் மாலை வரை அவர் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன், வேலையைப் பார்த்ததில்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்தார். அதன் மேல் பூ வடிவ அச்சு. சிறு கரண்டியில் சிவப்பு, அடுத்த கட்டத்தில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. கலர் கரைசல் ரசம் மாதிரி ஓடும் பதம். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் கல் வீண். அச்சைத் தூக்குகிற அந்த நொடியில் அவர் மூச்சை நிறுத்தினார். கலர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலக்காமல் நின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பித் தேய்த்து மட்டம் செய்து நகர்த்தி வைத்தார். அடுத்த கண்ணாடி. மறுநாள் அதையெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். நாள் கணக்கில் அது ஊற வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் மூச்சை நிறுத்தினார். நூற்றுக்கு மேல் எண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. மறுவாரம் அவரைக் கூப்பிட்டு என் பேரேடு எப்படி எழுதுகிறேன் என்று காட்டினேன். உதைத்த இரண்டு ரூபாயைக் கண்டுபிடிக்கும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் துணை பகலெல்லாம் என்ன செய்கிறார் என்பதை ஒரு நாளாவது கண்ணால் பாருங்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு நாள் வண்டியில் எங்காவது போவது என்று வைத்துக்கொண்டோம். பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, ஒன்றும் இல்லையென்றால் கண்மாய்க் கரை. ஃபீஸ் பேச்சும் பட்டறைப் பேச்சும் கூடாது. முதல் இரண்டு மாதம் பேச ஒன்றுமே இல்லாமல் வேர்க்கடலை தின்றுவிட்டு வந்தோம். மூன்றாம் மாதம் பேச்சு வந்தது.

இதையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் காதலையும் நிலைக்க வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவனைக் கட்டினாள். கட்டுவதற்கு முன்பே அவள் போனை வாங்கிப் பார்ப்பான், எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று அவன் சொல்வான். அன்பு என்று நினைத்தாள். கட்டியபின் அடி. "இத்தனை வருஷம் பழகிட்டு எப்படி விடுறது" என்று இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். பழகிய வருஷங்கள் ஒருவனுக்குக் கை ஓங்கும் உரிமையைத் தராது. அடி, சந்தேகம், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, இவை இருந்தால் நிலைக்க வைக்கப் பாடுபடாதீர்கள், வெளியே வாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். எதிர்த்துக் கட்டிக்கொண்டோமே, அம்மா வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று எந்தப் பெண்ணும் நினைக்கக் கூடாது. பெற்றவர்களே, மகள் எப்படிப் போயிருந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்பது அவள் காதில் விழும்படி சொல்லி வையுங்கள்.

மகளிடம் அந்தப் பையனைப் பற்றி நான் கேட்டது ஒன்றுதான். "அவனுக்குக் கோபம் வந்தா என்ன செய்வான்?" யோசித்தாள். "இன்னும் பாத்ததில்லைம்மா." "பாக்குற வரைக்கும் பழகு. அவசரம் இல்லை" என்றேன்.

அன்று இரவு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார், நகக்கண்ணில் பச்சைக் கலர் இன்னும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தார். என்ன சாதி, என்ன ஊர், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தார். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அந்தப் பையன் சாப்பிட்ட தட்டைக் கழுவுவானான்னு கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.

"கேளு" என்றார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.